பிள்ளைக்குப் படிப்பு எப்படி மனதில் நிற்கிறது? பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

“என் பையனுக்குப் படமாகப் பார்த்தால்தான் ஏறும்”, “என் பொண்ணு காதால் கேட்டாலே பிடித்துக்கொள்வாள்” என்று பெற்றோர் சொல்வது சகஜம். பிள்ளை எப்படிக் கற்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் பலர் முதலில் தேடுவதே இப்படி ஒரு வகையைத்தான். அந்த வகை கிடைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் சுலபம் என்று தோன்றும். அந்தத் தேடலை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்ற நான்கு வகைப் பிரிவு, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் என்ற கல்வியாளர் மூலம் 1990களில் பரவியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 2008இல் ஹரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இந்த மாதிரிப் பிரிவுகளுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் ‘வகை’க்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கும் என்பதை நிரூபிக்கும் முறையான ஆய்வு கிட்டத்தட்ட இல்லை. சரியான முறையில் நடந்த சில ஆய்வுகளோ அந்தக் கருத்துக்கு எதிராகவே நின்றன.

பிள்ளைக்குப் பிடித்த முறை என்று ஒன்று இருக்கலாம். பிடித்த முறையில் படித்தால் உற்சாகமாக உட்காரும், அதுவும் நல்லதே. ஆனால் எந்த முறை வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் தீர்மானிக்கிறது. நாடுகளின் எல்லைகளைக் கற்க எந்தப் பிள்ளையும் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரு சொல்லின் உச்சரிப்பைக் கற்க எந்தப் பிள்ளையும் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். முத்திரை குத்துவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. “நான் கேட்டுக் கற்கிற ஆள்” என்று நம்பிவிட்ட பிள்ளை, வாசிப்பு கடினமாகும் இடத்தில் முயற்சி செய்யாமலே விட்டுவிடும்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்குள் வித்தியாசமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஏற்கெனவே என்ன தெரியும், எந்த இடத்தில் சிக்குகிறது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, எந்த மொழியில் யோசிக்கிறது, தப்பு செய்ய எவ்வளவு பயப்படுகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் வேறு வேறு. ஒரே பிள்ளையே கணக்கில் ஒரு மாதிரியும் மொழிப்பாடத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரால்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு வாரம் வெறுமனே கவனியுங்கள்

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது அருகில் இருங்கள், ஆனால் திருத்தாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். இந்த ஒரு வாரம் கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை, பார்ப்பது மட்டும்தான். பலருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான வாரம். கண்ணெதிரே தப்பாக எழுதும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

நோட்டில் தீர்ப்பு எழுதாமல், கண்ணில் பட்டதை எழுதுங்கள். ‘கவனமே இல்லை’ என்பது தீர்ப்பு. ‘முதல் நான்கு கணக்கை மளமளவென்று போட்டாள், ஐந்தாவதைப் படித்துவிட்டு ரப்பரை எடுத்து விளையாட ஆரம்பித்தாள்’ என்பது கண்ணில் பட்டது. இரண்டாவது குறிப்பில்தான் வேலைக்கு ஆகும் செய்தி இருக்கிறது. அந்த ஐந்தாவது கணக்கில் என்ன இருந்தது என்று போய்ப் பார்க்கலாம். அது மட்டும் வாக்கியங்களாக எழுதப்பட்ட கணக்கு என்றால், அவளுக்குக் கணக்கு வருகிறது, வாக்கியத்தைப் படித்துக் கணக்காக மாற்றும் இடத்தில்தான் நிற்கிறாள் என்று சந்தேகிக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

எந்த நேரத்தில் உட்கார்ந்தது, எத்தனை நிமிடத்தில் எழுந்தது, எழுவதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தது, யாரும் சொல்லாமல் தானாக எதை எடுத்துச் செய்தது என்பதையும் குறித்துவையுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். விளையாட்டு வீரர்களின் ஓட்டக் கணக்கை எல்லாம் தலைகீழாகச் சொல்லும் பையனைப் பார்த்து ‘இவனுக்கு ஞாபகசக்தி இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கும் இடத்தைத் தேடுங்கள்

வாரம் முடிந்ததும் தப்புகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கழித்தல் கணக்குகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 68 − 23 = 45 சரி. 52 − 27 = 35 தப்பு. 83 − 46 = 43 தப்பு. 70 − 34 = 44 தப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் அவசரத்தில் போட்டது போல இருக்கும். ஒன்றின் இடத்தை மட்டும் கவனியுங்கள். 2இல் 7 போகாது, அதனால் 7இல் இருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. 3இல் 6 போகாது, 6இல் இருந்து 3ஐக் கழித்து 3. மூன்றாவதிலும் அதே வேலைதான். எங்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறதோ அங்கே எல்லாம் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது. இந்தப் பிள்ளைக்குக் கவனம் நன்றாகவே இருக்கிறது. தானே உண்டாக்கிக்கொண்ட ஒரு தவறான விதியை ஒரு தடவைகூடப் பிசகாமல் பின்பற்றுகிறது!

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் இந்த வகைக் கழித்தல் பிழைகளை விரிவாக ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் தப்புகள் பலவும் தற்செயலானவை அல்ல, ஒரு தவறான வழிமுறையைச் சீராகப் பின்பற்றுவதால் வருபவை என்று அவர்கள் காட்டினார்கள். இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கழித்தல் கணக்கு கொடுத்தால் என்ன ஆகும்? தவறான விதி இன்னும் கெட்டியாகும், அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால், கடன் வாங்குவது என்றால் என்ன என்று கையாலேயே புரிந்துகொள்ள வாய்ப்பு கிடைக்கும்.

சிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: “இதை எப்படிப் போட்ட, சொல்லு பார்ப்போம்?” சரியாகப் போட்ட கணக்குக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு, உடனே விடையை அழித்துவிடும். உங்களுக்குத் தேவையான செய்தியும் அதோடு போய்விடும்.

வாசிப்பிலும் இப்படியே பார்க்கலாம். ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் தடவித் தடவி வாசித்தால் பிரச்சினை எழுத்தில் இருக்கிறது. தங்குதடையின்றி வாசித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் விழித்தால் பிரச்சினை பொருளில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். பாடத்தை வீட்டு மொழியில் சொல்லச் சொல்லுங்கள். தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்று தமிழில் தெளிவாகச் சொல்லி, பள்ளி மொழியில் எழுதும்போது தடுமாறினால், அந்தப் பிள்ளைக்கு அறிவியல் புரிந்திருக்கிறது, சொற்கள்தான் போதவில்லை. இதை ‘அறிவியலில் வீக்’ என்று எழுதிவைத்து அதற்கு டியூஷன் வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஏற்கெனவே என்ன தெரியும்?

புதிய பாடம் எவ்வளவு சுலபமாக ஏறும் என்பது பழைய அறிவைப் பொறுத்தது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அந்தப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

அதனால் பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். ‘பின்னம்’ என்றால் என்ன நினைக்கிறாய், எங்கே பார்த்திருக்கிறாய் என்று கேளுங்கள். பதிலில் ஓட்டை தெரிந்தால் இரண்டு வகுப்பு கீழே போய்த் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடினமான நிறையப் பாடங்களில் உண்மையான சிக்கல் முந்தைய ஆண்டுப் புத்தகத்தில்தான் இருக்கும்.

வீட்டிலேயே சின்னச் சோதனைகள்

எந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? படித்து முடித்த உடனே கேட்டுப் பார்ப்பதுதான் நம் வழக்கம். அந்த அளவுகோல் நம்மை ஏமாற்றும். ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, இரண்டாவது முறை பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணி: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம்.

அதாவது, ‘நல்லாப் படிச்சுட்டேன்’ என்ற நிறைவைத் தரும் முறையும், மனதில் நிற்க வைக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வோம். பிள்ளை மட்டுமல்ல, பெரியவர்களும் இதில் ஏமாறுகிறார்கள்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள, ஒரே மாதிரிக் கடினமான இரண்டு பாடப்பகுதிகளை எடுங்கள். முதல் பகுதியைப் பிள்ளை இருபது நிமிடம் திரும்பத் திரும்பப் படிக்கட்டும். இரண்டாவது பகுதியைப் பத்து நிமிடம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அடுத்த பத்து நிமிடம் நினைவில் இருப்பதை எழுதவோ உங்களிடம் சொல்லவோ செய்யட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பார்க்கட்டும். நேரம் இரண்டுக்கும் ஒன்றாக இருப்பது அவசியம், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஒரு வாரம் இரண்டையும் தொடாமல் விட்டு, அப்புறம் இரண்டிலிருந்தும் ஐந்தைந்து கேள்விகள் கேளுங்கள். ஒரு தடவை செய்ததை வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வேறு பாடத்தில் இன்னும் சில தடவை செய்து பாருங்கள்.

முடிவைப் பிள்ளையிடமே காட்டுங்கள். “மூடி வைத்துச் சொல்லிப் பார்” என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, தன் மதிப்பெண்ணைத் தானே ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளையை மாற்றும். மூடி வைத்துச் சொல்வது கஷ்டமாக இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கஷ்டத்தோடு நினைவைத் தேடி எடுப்பதால்தான் அது பதிகிறது.

இதே மாதிரி இடைவெளியையும் சோதிக்கலாம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் படிப்பதற்குப் பதிலாக, அதே ஒரு மணி நேரத்தை மூன்று நாளுக்குப் பிரித்து இருபது இருபது நிமிடமாகப் படிக்கச் சொல்லுங்கள். இடைவெளி விட்டுப் படிப்பது நினைவுக்கு நல்லது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து எழுதிவைத்துவிட்டார். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, மிக அதிகப் பயனுள்ளவை என்று தேர்ந்தெடுத்த இரண்டும் இவைதான்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. பலரும் நம்பியிருக்கும் திரும்பப் படித்தலும், வரிகளுக்கு அடியில் கலர் அடிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற பட்டியலில் இருந்தன.

இவை ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும் முறைகள் என்றால், உங்கள் பிள்ளைக்கென்று கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அளவுதான். எவ்வளவு இடைவெளி விட்டால் மறக்கத் தொடங்குகிறது, ஒரு தடவைக்கு எத்தனை புதிய சொற்கள் தாங்கும், எழுதிப் பார்ப்பது வசதியா சொல்லிப் பார்ப்பது வசதியா, எந்தப் பாடத்துக்கு எத்தனை சுற்று வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். எழுத்து மெதுவாக வரும் பிள்ளையை எழுதிப் பார்க்கச் சொன்னால் கை வலியில் பாடம் போய்விடும். அதற்கு வாயால் சொல்லும் வழியே நல்லது.

எவ்வளவு உதவலாம்?

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி சொன்னது இன்றும் பயன்படுகிறது: பிள்ளை தானாகச் செய்யக்கூடியது ஒன்று, யாராவது கொஞ்சம் கைகொடுத்தால் செய்யக்கூடியது ஒன்று. கற்றல் நன்றாக நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில். அங்கே உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாருங்கள். முதலில் பேசாமல் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். அப்புறம் “கேள்வியில் என்ன கொடுத்திருக்கிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் நகராவிட்டால் இதே மாதிரி வேறொரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டி, இதைப் பிள்ளையிடமே விடுங்கள். எந்தக் கட்டத்தில் பிள்ளை நகர்ந்தது என்று நோட்டில் குறியுங்கள். சில வாரங்களில் முன்பைவிடக் குறைந்த உதவியிலேயே நகர்ந்தால் கற்றல் நடக்கிறது என்று அர்த்தம்.

தூக்கமும் நேரமும்

இதில் விவாதிக்க அதிகம் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் தந்த பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளையிடம் எந்தப் படிப்பு முறையையும் சோதித்துப் பயனில்லை. படிக்கும் இடத்தில் போன் இருக்க வேண்டாம், உங்களுடையதும் சேர்த்து.

பாராட்டும் சொற்கள்

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை “நீ புத்திசாலி” என்றும் சிலரை “நீ நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான கேள்விகளில் சறுக்கியபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறிப்பாகச் சொல்லும் பாராட்டு பிள்ளைக்கு உண்மையிலேயே உதவும். “விடை வரலைன்னு தெரிஞ்சதும் படம் போட்டுப் பார்த்தியே, அது நல்ல யோசனை” என்றால், அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. “எனக்கு இது வராதும்மா” என்று பிள்ளை சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். “எதுவரைக்கும் வருது, காட்டு” என்று கேளுங்கள்.

ஆசிரியரிடம் பேசும்போது

“எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற பதில்தான் கிடைக்கும். வகுப்பில் எந்த நேரத்தில் கவனம் சிதறுகிறது, புரியாதபோது கேட்கிறானா இல்லை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிறானா, வாயால் கேட்டால் சொல்வதற்கும் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கண்டதையும் சொல்லுங்கள்: “கடன் வாங்கும் கழித்தலில் மட்டும் இப்படிச் செய்கிறாள்.” அப்படிச் சொன்னால் ஆசிரியருக்கும் பிடி கிடைக்கும்.

எப்போது நிபுணரைப் பார்க்க வேண்டும்?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை, தெரியவில்லை என்று சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணை இடுக்கிப் பார்ப்பது, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோவது, ஒரு காதைத் திருப்பிக் கேட்பது, சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வது இவற்றைக் கவனியுங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, நல்ல முறையில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் வாசிப்பு மிக மெதுவாகவே இருந்தால், தெரிந்த சொல்லை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத்துக்கூட்டினால், சொற்களின் ஒலியைப் பிரித்துச் சொல்லத் திணறினால், பேச்சில் சூட்டிகையாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் பெரிதும் பின்தங்கினால் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது அறிவுக் குறைவு இல்லை, பார்வைக் கோளாறும் இல்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகக் கற்பிக்கும் பயிற்சியால் வாசிப்பு மேம்படுகிறது, சீக்கிரம் தொடங்கினால் கூடுதல் பலன். எண்களில் மட்டும் இப்படிப்பட்ட தடுமாற்றம் இருந்தாலும், எந்த வேலையிலும் எந்த இடத்திலும் கவனம் நிலைக்காமல் பல மாதங்கள் தொடர்ந்தாலும் இதேதான். ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று ஆண்டுகளைக் கடத்தாமல் குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள், அவர் அடுத்து யாரைப் பார்ப்பது என்று சொல்வார். போகும்போது நீங்கள் எழுதிய குறிப்புகளையும் பிள்ளையின் பழைய நோட்டுகள் இரண்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். தப்புகளைத் திருத்தாமல் அப்படியே.